வெடித்த மீன்தொட்டியும் அதனைத் திருத்தும் முறையும்

வாவியாற் சூழப்பட்ட புளியந்தீவில் வளர்ந்த நமக்கு நீரும் மீனும் புதியன அல்ல. முழுநிலாக் காலத்திலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி, மறுமுனையைச் செவியோடு பொருத்தி, வாவியின் அடியிலிருந்து எழும் இன்னோசையைக் கேட்டோர் நம்முட் பலர் உளர். ஆயினும், பாடுவதாகச் சொல்லப்படும் அவ்வுயிரைப் பாடும் நிலையிற் கண்ணாற் கண்டோம் என்பாரை யாம் இன்னும் சந்தித்ததில்லை. நீர் தன்னுள் வாழ்வனவற்றை எளிதிற் காட்டுவதில்லை. அதனைக் காட்டச் செய்தற்கு மனிதன் அமைத்த கருவியே மீன்தொட்டி.

இந்தியாவின் முதலாவது பொது மீன்காட்சிச்சாலை 1909 ஆம் ஆண்டிற் சென்னை மரீனாக் கடற்கரையிலே திறக்கப்பட்டது. அந்நாளிற் கண்ணாடியையன்றி ஒளிபுகும் தொட்டிப் பலகை வேறு இல்லை. இன்றோ, பெருந்தொட்டிகள் அக்கிரிலிக் என்னும் செயற்கைப் பொருளாற் செய்யப்படுகின்றன. 1951 இல் மும்பையில் திறக்கப்பட்ட தாராபூர்வாலா மீன்காட்சிச்சாலை 2015 இற் புதுக்கப்பட்டபோது, பார்வையாளர் உள்ளே நடந்து செல்லும் அக்கிரிலிக் சுரங்கமொன்று அங்கே அமைக்கப்பட்டது. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் 2002 இல் திறக்கப்பட்ட சுராவுமி மீன்காட்சிச்சாலையின் பெருஞ்சாளரம் 22½ மீற்றர் அகலமும் 8 மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் 60 சென்ரிமீற்றர் தடிப்பும் உடையது. இவை உலகப் பெருமைகள். நம்மூர்களிலும் கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் வசதியுள்ள இல்லங்களிலும் ஆயிரம் லீற்றர் கொள்ளும் தொட்டிகளைக் காணலாம்.

இத்தகைய தொட்டி ஒருநாள் வெடிப்புக் காணுமாயின் யாது செய்வது? இவ்வினாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இதனை அறியாமையால் யாமே ஒருமுறை பிழைபட்டோம். அப்பிழையையும் அது கற்பித்த பாடத்தையும் எமது கல்லூரி மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டு கூறுவாம்.

அக்கிரிலிக் என்பது யாது?

நம்மவர் "பேர்ஸ்பெக்ஸ்" என்று வழங்கும் பலகையும் இதுவே. மெதைல் மெதக்கிரிலேற்று என்னும் திரவத்தின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து நெடுஞ்சங்கிலிகளாகும்போது திண்மமான பல்பகுதியம் ஒன்று உண்டாகிறது. 1930 களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இது பலகையாக வார்க்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரிலே விமானிகளின் இருக்கைக்கு மேலே மூடியாக அமைந்தது. மூடி சிதறி விமானிகளின் கண்ணிற் புகுந்த துண்டுகள் கண்ணைப் பெரிதும் புண்படுத்தாதிருந்தமையைக் கவனித்த இலண்டன் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி, 1949 இல் இப்பொருளாற் செய்த வில்லையைக் கண்புரை நோயாளி ஒருவரின் கண்ணுள் வைத்தார். கண்ணுக்குள் வைக்கும் வில்லையின் வரலாறு அன்றே தொடங்கியது.

மீன்தொட்டிக்கு இப்பொருளின் சிறப்புகள் மூன்று. கண்ணாடியின் அடர்த்தியில் இஃது ஏறத்தாழ அரைப்பங்கே உடையது. எத்துணைத் தடித்தாலும் பச்சை நிறம் காட்டாது ஒளியை விடும். ஒரு பலகையோடு மறுபலகையை மூட்டுத் தெரியாதவாறு ஒன்றாக்கலாம்.

குறைகளும் மூன்று. முதலாவது, விறைப்புக் குறைவு. கண்ணாடியோடு ஒப்பிட இது இருபது மடங்குக்கு மேல் எளிதில் வளையும். ஆதலின் நீர் நிரம்பியதும் தொட்டியின் முகம் வெளியே புடைக்கும். இரண்டாவது, வெப்பத்தால் விரிதல். 240 சென்ரிமீற்றர் நீளமான பலகை 10 பாகை வெப்பநிலை ஏற ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் நீளும். கண்ணாடி இதில் எட்டில் ஒரு பங்கு அளவே நீளும். மூன்றாவது, இது நீரைச் சிறிதளவு உறிஞ்சும். ஒருபுறம் நனைந்தும் மறுபுறம் உலர்ந்தும் இருப்பதால் பலகையினுள்ளே தகைப்பு எழும். இக்குறைகளை மறந்து செய்த தொட்டியே பெரும்பாலும் வெடிக்கிறது.

நீரின் அமுக்கம்

மாணவர் இவ்விடத்தில் ஒரு கணக்கைச் செய்து பார்த்தல் நன்று. நீளம் 240 சென்ரிமீற்றரும் அகலம் 60 சென்ரிமீற்றரும் நீரின் ஆழம் 75 சென்ரிமீற்றரும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது கொள்ளும் நீர் 1080 லீற்றர். நிறை ஒரு தொன்னுக்கு மேல். நீரின் அமுக்கம் மேற்பரப்பிற் சூனியமாய், ஆழம் கூடக்கூடப் பெருகி, அடியிலே ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் மீதும் 75 கிராம் நிறையின் அளவாகிறது. 75 கிராம் பெரிதோ என்று எண்ணற்க. முன்பலகை முழுவதையும் கூட்டினால் ஏறத்தாழ 675 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசை அதனை இரவும் பகலும் ஓயாது வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து அப்பலகையின்மேற் சாய்ந்து நிற்பதாகக் கொள்க.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள. ஒன்று, அமுக்கம் ஆழத்தைப் பொறுத்ததேயன்றித் தொட்டியின் அகலத்தைப் பொறுத்ததன்று. 75 சென்ரிமீற்றர் ஆழமுள்ள தொட்டி பின்னோக்கி ஒரு முழம் நீண்டாலென்ன, ஒரு மைல் நீண்டாலென்ன, முன்பலகை தாங்குவது ஒன்றே. மற்றையது, பலகையின்மீதுள்ள மொத்த விசை ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். நீரைப் பாதியாகக் குறைத்தால் விசை பாதியாவதில்லை, காற்பங்காகும். 675 கிலோகிராம் 169 ஆகிவிடும்.

மாரி வெள்ளத்தால் வாவி பெருகிக் கரையோர வயல்களும் வீடுகளும் மூழ்கத் தொடங்கும்போது நம்மவர் முதலிற் செய்வது யாது? ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் மண்மூட்டை அடுக்குவதன்று. முகத்துவாரத்தின் மணற்றிடலை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவதே. வெடித்த தொட்டிக்கும் முதல் மருந்து அதுவே. எதைப் பூசுவது என்று தேடுமுன் நீரைக் குறைத்தல் வேண்டும்.

வெடிப்பு எவ்வாறு ஓடுகிறது?

ஒரு துணியின் ஓரத்தைச் சிறிது கிழித்துவிட்டு இழுத்தால் அஃது எளிதிற் கிழிந்து செல்வதை யாவரும் அறிவர். முழுத்துணியும் தாங்கிய இழுவிசை அந்தச் சிறு கிழிசலின் நுனியில் வந்து திரள்வதே காரணம். இங்கிலாந்துப் பொறியியலறிஞர் இங்கிலிஸ் என்பார் 1913 இல் இதனைக் கணித முறையால் விளக்கினார். 1921 இல் வெளியான ஆராய்ச்சியொன்றில் கிரிபித்து என்பார், கண்ணாடி தன் இயல்பான வலிமையிற் சிறு பங்கையே காட்டுவதற்குக் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய வெடிப்புகளே காரணம் என்று காட்டினார்.

இங்கிலிஸ் கண்ட விதி பின்வருமாறு: வெடிப்பின் நீளத்தை அதன் நுனியின் ஆரையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, அதனை இரட்டித்து, ஒன்றைக் கூட்டுக. வரும் எண், நுனியிலுள்ள தகைப்புச் சாதாரண இடத்திலுள்ள தகைப்பின் எத்தனை மடங்கு என்பதைக் காட்டும். 50 மில்லிமீற்றர் நீளமான வெடிப்பின் நுனி ஆரை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐந்து பங்கு எனக் கொண்டால் விடை 201. அதே நுனியில் 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத் துளையை இட்டால் ஆரை 3 மில்லிமீற்றர் ஆகிறது. விடை ஏறத்தாழ 9. பலகையிலிருந்து ஒரு துண்டை அகற்றினோம்; பலகையோ முன்னிலும் பாதுகாப்பாகிவிட்டது! கூரிய நுனியே பகை, வட்டமான நுனி நட்பு என்னும் இவ்வுண்மையை மறவாதிருப்போமாக. தொட்டியின் மேல்மூடியில் மீனுக்கு உணவிடும் வாயிலைச் சதுர மூலைகளோடு வெட்டுவது ஏன் தவறு என்பதும் இதனால் விளங்கும்.

எமது பிழை

சில ஆண்டுகளுக்கு முன்னர், எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பரொருவர் தமது உணவுச்சாலையில் மேற்கூறிய அளவுள்ள தொட்டியொன்றை வைத்திருந்தார். கொடுவாக் குஞ்சுகளும் ஓராவும் அதில் நீந்தும். பிள்ளைகளோடு வருவோர் அதனருகேயுள்ள மேசையையே நாடுவர். ஒருநாள் மேல்விளிம்பைச் சுற்றிச் செல்லும் பட்டியில், வாயிலின் சதுர மூலையிலிருந்து விரலளவு நீளமான வெடிப்பொன்று காணப்பட்டது. விஞ்ஞானம் கற்பிப்பவன் என்பதால் நண்பர் எம்மை அழைத்துக் காட்டினார்.

வெடிப்பு நீர்மட்டத்துக்கு மேலே இருந்தது. ஒரு துளியும் ஒழுகவில்லை. ஆதலின் அஞ்ச வேண்டியதில்லை என்றோம். கடையிற் கிடைக்கும் சிலிக்கோன் பசையை வாங்கி அதன்மீது பூசுவித்தோம். மறுநாட் பார்த்தபோது பூச்சு அழகாக இருந்தது.

நான்காம் நாள் இரவு பட்டி முழுவதும் அறுந்தது. அதன் பிடியை இழந்த முன்பலகை வெளியே புடைக்க, பக்கப் பலகையோடு சேர்ந்த மூட்டு மேலிருந்து பிளந்து, நீரிற் பெரும்பகுதி நிலத்திற் கொட்டியது. விடியற்காலையிற் கதவைத் திறந்தபோது மீன்களிற் பல மேசைகளின் கீழே இறந்து கிடந்தன. மற்ற நாள்களில் அத்தொட்டியின் அருகே பாய் விரித்துத் துயிலும் வேலைக்காரப் பையன் அன்று ஊருக்குப் போயிருந்தான். நண்பர் எம்மை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

எமது பிழை யாது? ஒழுகுதலை மட்டுமே நோய் என்று கருதினோம். அந்தப் பட்டி நீரைத் தடுப்பதற்கு அமைந்ததன்று. முன்பலகையையும் பின்பலகையையும் பிரியவிடாது பிடிப்பதற்கு அமைந்தது. அது வெடித்தது, அதன்மேல் தாங்கொணாத இழுவிசை இருந்தமையால். பசை அவ்விசையில் ஓர் இம்மியையும் தாங்கவில்லை, குறைக்கவுமில்லை. மறைத்தது மட்டுமே.

பின்பு பெயர்ப்பலகை செய்யும் தொழிலாளர் ஒருவர் அழைக்கப்பட்டார். அக்கிரிலிக் எழுத்துகளை வெட்டியும் ஒட்டியும் நெடுநாட் பழகியவர் அவர். தொட்டியைச் சுற்றி இருமுறை வந்து, மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, எம்மை நோக்கி, "சேர், இதை ஒட்டலாம். ஆனா ஏன் வெடிச்சது எண்டு தெரியாம ஒட்டினா, பக்கத்தில வெடிக்கும்" என்றார். யாம் பட்டம் பெற்றும் காணாததை அவர் கைப்பழக்கத்தாற் கண்டார்.

நோயை அறிதல்

அவரிடம் கற்றதையும், பின்னர் நூல்களிற் படித்தறிந்ததையும் சேர்த்து முறையாகச் சொல்வோம்.

முதலிற் கீறலோ வெடிப்போ என்று தெளிதல் வேண்டும். மின்சூளைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தாற் கீறல் மங்கிய கோடாகத் தோன்றும். வெடிப்போ உள்ளே ஒரு சிறு முகக்கண்ணாடி புதைந்தாற்போல ஒரு கோணத்திற் பளிச்சிடும். கீறலை அரத்தாளால் தேய்த்து மெருகிட்டு நீக்கலாம். மூட்டுகளை அடுத்துச் சிலந்தி வலைபோல் நுண்வெடிப்புகள் பரந்திருந்தால், அது மூன்றாவது வகை. அங்கே உள்தகைப்பும் கரைப்பானும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. மதுசாரம், அசற்றோன், கண்ணாடி துடைக்கும் திரவங்கள் ஆகியவற்றால் அக்கிரிலிக்கைத் துடைப்பவர் இக்கேட்டைத் தாமே வரவழைக்கிறார். மெல்லிய துணியும் வெறும் நீருமே அதற்கு ஏற்றவை.

உள்தகைப்பைக் கண்ணாற் காண ஓர் எளிய வழி உண்டு. மாணவர் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். கணினியின் தட்டைத் திரையை வெண்மையாக ஒளிரச் செய்து, அதன்முன் அக்கிரிலிக் துண்டொன்றை வைத்து, முனைவாக்கும் கறுப்புக் கண்ணாடியை அணிந்து அதனைச் சற்றுச் சரித்துப் பார்க்க. திரையின் ஒளி முனைவாக்கப்பட்டதாதலின், தகைப்புள்ள இடங்களில் வானவில் நிறங்கள் தோன்றும். துண்டை விரலால் வளைக்க நிறங்கள் நெருங்கிக் கூடும் இடமே, பின்னர் வெடிக்கக்கூடிய இடம்.

அடுத்துக் காரணத்தைத் தேடுதல். தாங்கி மட்டமாக உளதா? மூலைகள் கூரியனவா? குழாய்ப் பூட்டு அளவுக்கு மேல் இறுக்கப்பட்டதா? வெயில் ஒருபுறம் மட்டும் படுகிறதா? பலகையின் தடிப்புப் போதுமா? எமது நண்பரின் தொட்டியில் இரு காரணங்கள் இருந்தன: வாயிலின் சதுர மூலை ஒன்று, 12 மில்லிமீற்றர் தடிப்பே உள்ள பலகை மற்றொன்று. பலகையின் விறைப்புத் தடிப்பின் கனத்துக்கு ஏற்பப் பெருகும். 12 மில்லிமீற்றருக்குப் பதிலாக 19 மில்லிமீற்றர்ப் பலகை இட்டிருந்தால் அது நான்கு மடங்கு விறைப்பாய் நின்றிருக்கும்.

திருத்தும் முறை

1. நீரை இறைத்தல். மீன்களைத் தொட்டியின் நீரோடே பீப்பாய்களுக்கு மாற்றிக் காற்றூட்டுக. வடிகட்டியின் பஞ்சையும் கற்களையும் நனைந்தவாறே, காற்றோட்டத்துடன் வைத்திருக்க. மீனின் கழிவைத் தூய்மை செய்யும் நுண்ணுயிர்கள் அவற்றிலேயே வாழ்கின்றன. வெறுந்தொட்டியை வெயிலில் உலரவிடலாகாது.

2. நுனியைத் துளைத்தல். வெடிப்பின் நுனியைக் கண்டு, அதனை உள்ளடக்குமாறு சிறு துளையிடுக. உலோகத்துக்குரிய துறப்பணத்தின் கூரிய விளிம்பு அக்கிரிலிக்கைக் கவ்வி மேலும் பிளந்துவிடும். அவ்விளிம்பை முதலிற் சற்று மழுக்கிக்கொள்ளல் வேண்டும். மெதுவாகச் சுழற்றி, சூடேறாதவாறு நீர் விட்டு, பின்புறத்தில் மரத்துண்டு ஒன்றைத் தாங்கலாக வைத்துத் துளைக்க. நுனி துளைக்கு அப்பாலும் ஓடியிருந்தால் அத்துளையாற் பயனில்லை. துளையின் உட்சுவரை மெல்லிய அரத்தாளால் மெருகிடுக.

3. ஒட்டுதல். இங்கே ஒட்டுதல் என்பது மரத்தைப் பசையால் ஒட்டுவது போன்றதன்று. நீர்போன்ற கரைப்பான் பலகையின் மேற்பரப்பை இளக்க, இருபுறத்துச் சங்கிலிகளும் ஒன்றனுள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ளும்; கரைப்பான் ஆவியாகிப் போனபின் எஞ்சுவது அக்கிரிலிக் மட்டுமே. இரு முகங்களும் இடைவெளியின்றிப் பொருந்தினாலன்றி இம்முறை பயன்படாது. வெடிப்பிலோ இடைவெளி உண்டு. ஆதலின் மெதைல் மெதக்கிரிலேற்றுத் தடித்த திரவத்தோடு ஊக்கியைக் கலந்து அதனை இட்டு நிரப்புதல் வேண்டும். அது வெடிப்பினுள்ளேயே பல்பகுதியமாக மாறி இறுகும். கலந்த சில நிமிடங்களிற் தடிக்கத் தொடங்குமாதலின் எல்லாவற்றையும் முன்பே ஆயத்தஞ் செய்துகொள்க. குமிழிகள் புகாவண்ணம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல ஊற்றுக. நீர் நிறைந்து தகைப்போடு நிற்கும் தொட்டியில் இத்திரவங்களை இடுவது பெருந்தவறு. அவை வெடிப்பை மேலும் ஓடச்செய்யும். இவற்றின் ஆவி நச்சுத்தன்மையும் தீப்பற்றும் தன்மையும் உடையது. கதவு யன்னல்களைத் திறந்து, கையுறை அணிந்து, நெருப்பை அகற்றிய பின்னரே தொடங்குக.

4. சட்டம் வைத்தல். நிரப்பிய வெடிப்பு முன்னிருந்த முழு வலிமையையும் பெறுவதில்லை. ஆதலின் அதே வகை அக்கிரிலிக்கில், வெடிப்புக்கு அப்பால் எப்பக்கமும் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாது நீண்டு, மூலைகள் வட்டமாக்கப்பட்ட துண்டொன்றை மேலே பொருத்துக. சுவரிலாயின் அதனை உட்புறத்தில் வைத்தல் நன்று. நீரின் அமுக்கமே அதனைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். பிளந்த மூட்டுக்கு உள்மூலை நெடுகிலும் முக்கோணச் சட்டம் இடுவர்.

5. பொறுத்தல். தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றும் மூட்டு உள்ளே இறுகச் சில நாள்கள் செல்லும். தொழிற்சாலைகளில் வேலை முடிந்த பலகையை ஏறத்தாழ 80 பாகை சென்ரிகிரேட் வெப்பத்திற் பல மணிநேரம் வைத்து மெல்ல ஆறவிட்டு உள்தகைப்பைத் தணிப்பர். வீட்டில் அது இயலாது. பொறுமை ஒன்றே இயலும்.

6. சோதித்தல். நீர் கொட்டினாற் கேடு நேராத வெளியிடத்தில், மட்டமான தாங்கியின்மேல் வைத்து, முதல்நாட் கால், மறுநாள் அரை, பின் முக்கால், பின் முழுமை என நிரப்புக. ஒவ்வொரு நாளும் முன்பலகையின் நடுவே நூல் பிடித்துப் புடைப்பை அளந்து குறித்து வைக்க. புடைப்பு நின்றால் நன்று. நாள்தோறும் வளர்ந்தால் நீரை இறைத்துவிடுக.

சிலிக்கோனைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடித் தொட்டியில் அது சிறந்த துணை. அக்கிரிலிக்கில் அது நன்றாகப் பற்றாது. சுமை தாங்க அதனை நம்பலாகாது. கருவி ஒன்றேயாயினும் இடமறிந்து பயன்படுத்துவதே அறிவு.

நண்பரின் தொட்டியில் அத்தொழிலாளர் சதுர மூலைகளை அரத்தால் வட்டமாக்கினார். அறுந்த பட்டியை ஒட்டி மேலே அகலமான சட்டம் பொருத்தினார். நடுவே முன்னையும் பின்னையும் பிடிக்கும் புதிய குறுக்குப் பட்டி இட்டார். பிளந்த மூட்டுக்கு முக்கோணச் சட்டம் வைத்தார். பின்பு, 55 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு கோடு கீறி, "முதலாளி, இதுக்கு மேல தண்ணி விடக்கூடாது" என்றார். தொட்டியின் கம்பீரம் குறைந்துவிடுமே என்று நண்பர் தயங்கினார். கணக்கைப் போட்டுக் காட்டினோம்: 675 கிலோகிராம் ஏறத்தாழ 363 ஆகிறது. நண்பர் இணங்கினார். மெல்லிய பலகைக்கு முழுத்தீர்வு தடித்த பலகையால் புதுத்தொட்டி செய்வதே. அது கைகூடும்வரை அக்கோடே காவல்.

திருத்தலாகாத இடம்

எல்லா வெடிப்பும் திருத்தற்குரியதன்று. முன்பலகையின் கீழ்ப்பாதியிலே வெடிப்பு ஓடி அடிமூட்டைத் தொட்டிருந்தாலும், மூட்டுகள் நெடுகிலும் நுண்வெடிப்புப் பரந்திருந்தாலும், தொட்டி மேன்மாடியிலோ மனிதர் துயிலும் இடத்திலோ இருந்தாலும், பழையதை ஒதுக்கிப் புதியதை வாங்குவதே முறை. திருத்தும் செலவு குறைவு என்பது அங்கே நியாயமாகாது.

உலகிற் பேர்பெற்ற தொட்டிகளும் இவ்விதிக்கு விலக்கல்ல. டுபாய் நகரத்து அங்காடியிலுள்ள பெருந்தொட்டியின் சாளரம் 32 மீற்றருக்கு மேற்பட்ட அகலமும் 75 சென்ரிமீற்றர் தடிப்பும் உடையது. 2010 பெப்புருவரியில் அதன் மூட்டொன்றில் நீர் கசிந்தபோது, காண வந்தோரை முதலில் அகற்றிய பின்னரே கசிவை அடைத்தனர்.

பேர்லின் நகரத்து விடுதியொன்றின் நடுமண்டபத்திலே 2003 இல் திறக்கப்பட்ட அக்குவாடொம் என்னும் உருளைத் தொட்டியோ வேறு கதையாயிற்று. பத்து இலட்சம் லீற்றர் கடல்நீர், 1500 மீன்கள், நடுவே மனிதரை ஏற்றிச் செல்லும் உயர்த்தி ஆகியவற்றோடு அது விளங்கியது. நீரை இறைத்து நெடுநாட் புதுக்கிய பின் 2022 கோடையில் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பர் 16 ஆம் நாள், காலை ஆறு மணிக்குச் சற்று முன்னர், முன்னறிவிப்பின்றி வெடித்துச் சிதறியது. நீர் மண்டபத்தை உடைத்துக்கொண்டு வீதியிற் பாய்ந்தது. மீன்களிற் பெரும்பாலன இறந்தன. மனிதருள் இருவரே சிறு காயமுற்றனர். சிறிது நேரம் தாழ்ந்திருந்தால் அம்மண்டபம் ஆட்களால் நிறைந்திருக்கும். நிபுணர் 2023 இல் அறிக்கை அளித்தபோது, ஒட்டுமூட்டுத் தளர்ந்தமை, அடிப்பாகத்திற் பட்ட பள்ளம், நீரற்ற காலத்திற் பலகை உலர்ந்தமை ஆகிய மூன்றையும் ஆராய்ந்தும், இன்னதே காரணம் என்று துணிந்து கூற இயலவில்லை. பெருநகரத்து நிபுணருக்கே அந்நிலையாயின், பசைக்குழாயோடு விரையும் நாம் எத்துணை அடக்கமுடையவராதல் வேண்டும்!

முடிவுரை

நமது வாவிக் கரையிலே தோணி திருத்துவோரை மாணவர் கண்டிருப்பர். ஒழுகும் தோணியை நீரிலே வைத்துக்கொண்டு அவர்கள் அடைப்பதில்லை. கரைக்கு இழுத்து, கவிழ்த்து, உலரவிட்டு, பலகை நெடுகிலும் தட்டிப் பார்த்து, உளுத்ததை அகற்றிய பின்னரே கலப்பற்று அடிப்பர். பாரத்தை இறக்குதல், காரணத்தைத் தேடுதல், உளுத்ததை நீக்குதல், அதன் பின்னரே அடைத்தல் என்னும் அவ்வொழுங்கே அக்கிரிலிக் தொட்டிக்கும் உரியது. எமது கண்முன்னே இருந்த அப்பாடத்தை யாம் இறந்த மீன்களைப் பொறுக்கிய காலையிலேதான் கற்றோம்.

நண்பரின் தொட்டி இன்றும் அக்கோட்டளவு நீரோடு நிற்கிறது. ஆனால் அதனருகே எவரும் பாய் விரிப்பதில்லை. அதனை நண்பர் ஒரு விதியாகவே வைத்திருக்கிறார். இம்மலரைப் படிக்கும் இளையோரிடம் யாம் வேண்டுவது இது ஒன்றே: நாளை உமது கையிலும் ஏதேனும் ஒரு வெடிப்பு ஒப்படைக்கப்படும். அதனை மூடுதற்கு முன், அதன்மேல் எத்துணைப் பாரம் இருக்கிறது என்று ஒரு கணக்குப் போடுக. அருகிலே கைத்தொழில் அறிந்தவர் இருப்பின், வெட்கமின்றி அவரைக் கேட்டறிக.